கார் சைலன்சரை மாத்தி சவுண்டு ஏத்தப் போறீங்களா? 32,000 ரூபாய் வேலை எனக்கு 61,500 ரூபாய் ஆன கதையும், முழுக் கணக்கும்



நம்ம சேனல்ல எஸ்.ஐ.பி., இன்சூரன்ஸ், நகைக்கடன்னு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. காரோட சைலன்சரை மாத்தி "பட பட"ன்னு சவுண்டு வர வைக்கிற செலவைப் பத்திப் பேசப் போறோம்.

"பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல சைலன்சருக்கு என்ன வேலை?"ன்னு நீங்க கேட்கலாம். வேலை இருக்கு. நானே இதைச் செஞ்சு, கையைச் சுட்டுக்கிட்டவன். அந்தக் கணக்கை ஒளிவுமறைவு இல்லாம உங்க முன்னாடி வைக்கிறேன். படிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

ராயகிரி தெருவுல ஒரு சனிக்கிழமை

எனக்கு வேலை மதுரையில, சொந்த ஊரு சிவகிரி பக்கத்துல ராயகிரி. வார லீவுக்கு ராஜபாளையம் வழியா காரை எடுத்துட்டு ஊருக்கு வந்திருவேன். என்கிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர்.

2022 ஏப்ரல்ல, வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை ஏறி, ஒரு ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் போட்டேன். பைப், சைலன்சர், வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்து ரூ. 32,000. அவசரத் தேவைக்குன்னு தனியா வச்சிருந்த பணத்துல இருந்துதான் எடுத்தேன். கழட்டின ஒரிஜினல் சைலன்சரை "இது இனி எதுக்கு?"ன்னு 800 ரூபாய்க்கு எடைக்குப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பெருமையா தெருவுக்குள்ள நுழைஞ்சேன். திண்ணையில இருந்த சித்தப்பா எழுந்து வந்து, ரொம்ப அக்கறையா கேட்டாரு: "ஏலே, சைலன்சர் ஒடைஞ்சு போச்சா? ராஜபாளையத்துல தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், வெல்டு வச்சுத் தருவான்."

சிரிக்காதீங்க, அப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு!

முதல்ல இதைப் புரிஞ்சுக்குவோம்: சைலன்சர் என்ன பண்ணுது?

இன்ஜின்ல பெட்ரோல் எரிஞ்சு முடிஞ்சதும், அழுத்தத்தோட இருக்கிற சூடான புகை வால்வு திறந்த உடனே வெளியே பாயும். ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சின்ன வெடிச் சத்தம் மாதிரி. நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஒரு சுற்றுக்கு இப்படி ரெண்டு பாய்ச்சல். இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுத்தும்போது வினாடிக்கு 100 பாய்ச்சல். மூணு சிலிண்டர் வண்டின்னா அதே வேகத்துல 75. மூணு சிலிண்டர் வண்டியும் நாலு சிலிண்டர் வண்டியும் வேற வேற மாதிரி கேட்கிறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் புகை போற பாதையை வரிசையாப் பார்ப்போம்:

1. மேனிஃபோல்டு: எல்லா சிலிண்டர் புகையையும் ஒண்ணா சேர்க்கிற இடம்.
2. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: விஷ வாயுக்களைக் குறைக்கிற பாகம். இதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கு.
3. ரெசனேட்டர்: காதை உறுத்துற குறிப்பிட்ட அலைவரிசைகளை அடக்கும். எல்லா வண்டியிலயும் இது தனியா இருக்காது.
4. சைலன்சர்: உள்ள அறை அறையா பிரிச்சு, ஒலியை ஒலியாலயே மோத விட்டு அடக்கும். சிலதுல கண்ணாடிப் பஞ்சு வச்சு ஒலியை உறிஞ்ச வைப்பாங்க.

சவுண்டு மாத்துறதுன்னா இந்த வரிசையில எதையோ எடுக்கிறோம், இல்ல மாத்துறோம்னு அர்த்தம். கடைசி சைலன்சரை மட்டும் மாத்தினா சத்தம் ஓரளவு கூடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிறதை எல்லாம் மாத்தினா இன்னும் கூடும். எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் பைப்பு போட்டா ஊரே எழுந்திரிக்கும்!

"பவர் ஏறும்"னு சொல்றாங்களே?

டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் வண்டியில பின்பக்க பைப்பையும் சைலன்சரையும் மட்டும் மாத்தினா, ஓட்டும்போது உணர்ற அளவுக்குப் பவர் ஏறாது. சத்தம் கூடினதால வேகமா போற மாதிரி தோணும், அவ்வளவுதான். நான் மதுரையில இருந்து ஊருக்கு வர்ற நேரம் அஞ்சு நிமிஷம்கூட குறையல.

டர்போ வண்டிகள்ல வித்தியாசம் வரலாம். ஆனா அதுக்கு இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமையும் மாத்தணும், பல நேரம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்லயும் கை வைக்கணும். அது வேற லெவல் செலவு, வேற லெவல் சிக்கல்.

டெசிபல் கணக்கு: 10 கூடினா பத்து மடங்கு

நம்ம நாட்டு விதிப்படி, ஒன்பது சீட் வரைக்கும் உள்ள பயணிகள் வாகனத்துக்கு, தயாரிப்பு நிலையில நடக்கிற சோதனையில சத்த வரம்பு 74 டெசிபல். வண்டி கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வச்சு அளப்பாங்க.

"74-க்கு பதிலா 84 வந்தா என்ன, பத்துதானே?"ன்னு நினைக்காதீங்க. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்ல. 10 டெசிபல் கூடினா ஒலி ஆற்றல் 10 மடங்கு. நம்ம காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா கேட்கும். கூட்டு வட்டி மாதிரிதான் இதுவும், எண்ணு சின்னதா தெரியும், விளைவு பெருசா இருக்கும்.

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில இரவு 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் இருக்கவேண்டிய வரம்பு 45 டெசிபல். நான் மதுரையில வேலை முடிச்சு ஊருக்கு வந்து சேர ராத்திரி 11 ஆயிரும். ரெண்டு பக்கமும் சுவர் இருக்கிற சின்னத் தெருவுல சத்தம் எங்கயும் ஓடிப் போகாது, சுவர்ல பட்டுத் திரும்பித் திரும்பி வரும். எதிர்வீட்டுல கைக்குழந்தை. ரெண்டு தடவை அது வீறிட்டு அழுததைக் கேட்டேன். யாரும் என்கிட்ட சண்டைக்கு வரல. அந்த அக்கா ஒரு தடவை, "தம்பி, இப்பதான் தூங்க வச்சேன்"னு மட்டும் சொன்னாங்க.

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ராத்திரி வண்டியைத் தெருமுனையிலயே நிறுத்திட்டு, பையைத் தூக்கிட்டு நடந்து வர ஆரம்பிச்சேன். 32,000 ரூபாய் கொடுத்து சத்தம் வாங்கி, அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கக்கூடாதுன்னு நடக்கிறேன்! இதைவிடப் பெரிய நஷ்டக் கணக்கு ஏதாவது இருக்கா?

சட்டம் என்ன சொல்லுது?

இது நிறைய பேருக்குத் தெரியாத பகுதி. கவனமா படிங்க.

- மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறா போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவில இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமா சொல்லியிருக்கு.
- பிரிவு 182ஏ(4): அனுமதி இல்லாத பாகத்தைப் பொருத்தி வண்டியை மாத்தின உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லன்னா ரெண்டும்.
- பிரிவு 190(2): சத்தம், புகை பத்தின தரவரம்பை மீறின வண்டியைப் பொது இடத்துல ஓட்டினா, முதல் தடவைக்கு ரூ. 10,000 வரை அபராதம், இல்லன்னா மூணு மாசம் வரை சிறை, இல்லன்னா ரெண்டும். கூடவே மூணு மாசத்துக்கு லைசென்ஸ் தகுதி போகும்.
- மத்திய மோட்டார் வாகன விதி 120: ஒவ்வொரு வண்டியிலயும் சத்தத்தைக் குறைக்கிற சைலன்சர் இருந்தே ஆகணும்.

"எல்லாரும்தான் போடுறாங்க, யாரு பிடிக்கிறா?"ன்னு கேட்கலாம். 2021 ஜூலையில அலகாபாத் உயர் நீதிமன்றத்தோட லக்னோ அமர்வு, மாத்தின சைலன்சர் சத்தத்தைத் தானாவே முன்வந்து வழக்கா எடுத்துக்கிச்சு. விசாகப்பட்டினத்துல பிடிபட்ட சைலன்சர்களை வரிசையா அடுக்கி ரோடு ரோலர் ஏத்தி நசுக்கின காட்சியை நீங்களே பார்த்திருப்பீங்க.

நம்ம தென்காசிக்காரங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு. செங்கோட்டை, புளியரை தாண்டினா கேரளா. வண்டி மாற்றங்கள் விஷயத்துல அங்க கண்டிப்பு அதிகம். 2023 ஜூன்ல குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்ச நேரம். ஃப்ரெண்ட்ஸோட அப்படியே பாலருவிக்கும் போவோம்னு கிளம்பினேன். எல்லை தாண்டி கொஞ்ச தூரத்துல வாகனச் சோதனை. வண்டியை நிறுத்துறதுக்கு முன்னாடியே சத்தம் என்னைக் காட்டிக் கொடுத்துருச்சு. ரூ. 5,000 அபராதம். ஒரிஜினல் சைலன்சரை மாட்டணும்னு எழுதியும் கொடுத்தாங்க. அவங்க மேல தப்பே இல்ல. தப்பு என் வண்டியில இருந்துச்சு.

இன்சூரன்ஸ்: நீங்க பயப்பட வேண்டியது இதுக்குத்தான்

அபராதம் ஒரு தடவை போற பணம். இன்சூரன்ஸ் அப்படி இல்ல.

வண்டியில செஞ்ச மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லணும். சொல்லாம விட்டா, உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான கிளெய்ம்ல தகராறு வரும். உதாரணத்துக்கு, சூடான பைப்பு ஒயர் பக்கத்துல போய் தீப்பிடிச்சதுன்னு வைங்க. சர்வேயர் வந்து பார்க்கும்போது வெல்டு வச்ச தடம் முதல்ல கண்ணுல படும். சேதத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு இருக்குன்னு அவர் எழுதினா, அஞ்சு லட்சம் ரூபாய் வண்டிக்கு கிளெய்ம் கிடைக்கிறது சந்தேகம்தான். "சரி, சொல்லிட்டே போடுறேன்"னா, சட்டம் அனுமதிக்காத பாகத்துக்கு கவர் எதிர்பார்க்கவும் முடியாது.

வாரண்டியும் இதே கதைதான். புது வண்டியில எக்ஸாஸ்ட், சென்சார், இன்ஜின் சம்பந்தமா பிரச்சினை வந்தா, "நீங்க மாத்தினதாலதான்"னு சொல்ல அவங்களுக்கு வழி கிடைச்சிரும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல கை வைக்கவே வைக்காதீங்க

2020 ஏப்ரல் 1-ல இருந்து வர்றது பி.எஸ். 6 வண்டிகள். பெட்ரோல் வண்டியில கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். கன்வெர்ட்டரை எடுத்தா பின்பக்க சென்சார் கண்டுபிடிச்சிரும், டேஷ்போர்டுல இன்ஜின் லைட் எரியும். புகைச் சோதனையிலயும் மாட்டுவீங்க.

பணக் கோணத்துலயும் ஒண்ணு சொல்றேன். "பழைய கன்வெர்ட்டரை இங்கயே விட்டுட்டுப் போங்க, உங்களுக்கு எதுக்கு சார் அது?"ன்னு யாராவது சொன்னா உஷாரா இருங்க. அதுக்குள்ள இருக்கிற உலோகத்துக்கு நல்ல விலை இருக்கு. திரும்ப வாங்கப் போனா, உங்க வண்டியில மாட்டுற பாகங்கள்லயே விலை கூடினதுல அதுவும் ஒண்ணா இருக்கும்.

என் முழுக் கணக்கு

இப்போ நோட்டை எடுங்க. 2022 ஏப்ரல் முதல் 2023 ஜூன் வரை, 14 மாசம்.

- கிட், பொருத்துற கூலி: ரூ. 32,000
- உள்ள கேட்ட உறுமலைக் குறைக்க ஒட்டின மேட்: ரூ. 6,500
- நகைக்கடன் வட்டி: ரூ. 4,000
- அபராதம்: ரூ. 5,000
- புது ஒரிஜினல் சைலன்சர், பைப்: ரூ. 14,500
- திரும்ப மாட்டின கூலி: ரூ. 1,500

மொத்தம் ரூ. 63,500. பழைய சைலன்சரை எடைக்குப் போட்ட 800, கடைசியில கிட்டையும் பழைய இரும்புக்குப் போட்ட 1,200, ரெண்டையும் கழிச்சா ரூ. 61,500. கிட்டை இன்னொருத்தர் தலையில கட்ட மனசு வரல.

மாசத்துக்குப் பிரிச்சா ஏறக்குறைய ரூ. 4,400. இந்த 61,500-ஐ பி.பி.எஃப்.ல போட்டு, 7.1% வட்டி அப்படியே நீடிக்குதுன்னு வச்சுக்கிட்டா, 15 வருஷத்துல ரூ. 1.72 லட்சம் ஆகியிருக்கும்.

ரெண்டு வரிக்கு விளக்கம் சொல்லணும். முதல்ல அந்த மேட். 80 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது வண்டிக்குள்ள "ங்ஙொய்ய்"னு ஒரே ரீங்காரம். அரைமணி நேரத்துல தலைவலி. பின்சீட்டுல உட்கார்ந்தா இன்னும் மோசம். வெளியில நின்னு கேட்கும்போது ஜோரா இருக்கிற சத்தத்தோட, உள்ள உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் இருக்க முடியாது. வீடியோவுல இது தெரியாது.

அடுத்தது நகைக்கடன் வட்டி. 2022 நவம்பர்ல அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில உடனே 40,000 கட்டணும். அவசரப் பணம்னு வச்சிருந்த கணக்குல என்ன இருந்துச்சு? அது எல்லாம் வண்டிக்கு அடியில தொங்கிட்டு இருந்துச்சு. அம்மாவே கையில இருந்த வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. ஒரு வார்த்தை கேட்கல. பத்து மாசம், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. நாலாயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லதான். ஆனா வெறுங்கையோட அம்மா ஆஸ்பத்திரிக்குள்ள போனதை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியல.

சத்தம் பிடிக்கும்னா, தப்பில்லாத வழி இருக்கா?

இருக்கு. ஆசைப்படுறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். கார் கம்பெனிகளே சத்தத்துக்காக மெனக்கெடுறாங்க. மஹிந்திராவோட எலக்ட்ரிக் எஸ்.யூ.வி.களுக்கு ஏ.ஆர்.ரகுமான் ஒலி அமைச்சுக் கொடுத்திருக்காரு.

1. சத்தமும் சேர்த்து ஒப்புதல் வாங்கின மாடலைப் பாருங்க. ஹூண்டாய் ஐ20 என் லைன் மாதிரி வண்டிகள்ல எக்ஸாஸ்ட் சத்தத்தைக் கம்பெனியே ட்யூன் பண்ணித்தான் தருது. அடுத்த வண்டி வாங்கும்போது அந்த வேரியன்ட்டுக்காக சேமிங்க. ஆனா அதோட சைலன்சரை மட்டும் வாங்கி வேற வண்டியில மாட்டினா, அதுவும் மாற்றம்தான்.
2. ரேஸ் டிராக்குக்குப் போங்க. சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரு நாள் போய் ஆசை தீரக் கேட்டுட்டு வாங்க. டிக்கெட், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் என் 61,500 ஆகாது.
3. பழைய வண்டின்னா முதல்ல ஓட்டையை அடைங்க. துருப்பிடிச்ச சைலன்சர் சத்தம் "ஸ்போர்ட்டி" கிடையாது. சித்தப்பா சொன்ன வெல்டு அதுக்குத்தான் தேவை!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்க கவனிக்க

வேற யாரோ ஆசைப்பட்டதுக்கு நீங்க அபராதம் கட்டக் கூடாது. அதனால:

- குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. அதே மாடல் வேற வண்டியோட சத்தத்தோட ஒப்பிடுங்க.
- வண்டிக்கு அடியில டார்ச் அடிச்சு, புது வெல்டிங் தடம் இருக்கான்னு பாருங்க.
- சாவி போட்டதும் இன்ஜின் லைட் எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லன்னாலும் சந்தேகப்படுங்க, பல்பைத் துண்டிச்சிருக்கலாம்.
- புதுசா ஒரு புகைச் சோதனை எடுக்கச் சொல்லுங்க.
- மாத்தியிருந்தா ஒரிஜினல் பாகம் கையில இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா அதோட விலையையும் கூலியையும் வண்டி விலையில கழிச்சுப் பேசுங்க.

முடிவா

ஏதாவது ஒண்ணு வாங்குறதுக்கு முன்னாடி அதோட விலையை மட்டும் பார்க்காதீங்க. அதை வச்சிருக்க என்ன செலவு, அதுல இருந்து வெளிய வர என்ன செலவு, இந்த ரெண்டையும் கூட்டுங்க. சைலன்சர் விஷயத்துல எனக்கு வாங்கின விலை 32,000, வெளிய வந்த விலை அதுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஒருவேளை நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்கன்னா, இன்னைக்கே ஒரிஜினல் சைலன்சர் எங்க இருக்குன்னு தேடுங்க. இருந்தா இந்த வாரமே மாட்டிருங்க, கூலி மட்டும்தான் செலவு. இல்லன்னா ஒரு விலை விசாரிச்சு, அபராதம் வர்றதுக்கு முன்னாடி திட்டம் போடுங்க.

இப்போ நான் ராத்திரி 11 மணிக்கு ஊருக்கு வந்தாலும் வீட்டு வாசல்லயே வண்டியை நிறுத்துறேன். எதிர்வீட்டுக் குழந்தை இப்போ எல்.கே.ஜி. போகுது. அம்மாவோட வளையலும் கையில இருக்கு. அவசரப் பணக் கணக்குல மூணு மாசச் செலவு திரும்பச் சேர்ந்திருக்கு.

உங்க வண்டியில நீங்க செஞ்ச செலவுல எது லாபம், எது நஷ்டம்னு எழுதுங்க. அடுத்த வாரம் அவசரப் பணத்தை எங்க வைக்கலாம்னு விரிவாப் பார்க்கலாம். அதுவரைக்கும் கணக்குப் போட்டுச் செலவு பண்ணுங்க.